கங்காரு வயிற்றில் கன்னியப்பன்

பெற்ற பிள்ளை நமக்குப் பெருமை தேடித் தந்தால் அதை அடக்கமாக வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிறையப் பேர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களையெல்லாம் நன்றாகக் கவனித்துப் பார்த்துவிட்டேன். ஒருத்தர் பிள்ளையும் எந்தப் பெருமையும் தேடித் தந்ததில்லை. அவர்களுக்கு அடக்கமாக இருப்பதில் என்ன கஷ்டம்?

நான் கன்னியப்பன். திருவொற்றியூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற விசைப்படகுகளில் பாதிக்கு (சரி, கால்வாசிக்கு) அடியில் சுற்றுகிற ஷாஃப்ட்டு என் பட்டறையில் கடைந்ததுதான். ஐந்தாம் வகுப்பில் வாத்தியாரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் பள்ளிக்கூடத்தை நான் நிறுத்திவிட்டேன். (பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்று என் மனைவி மல்லிகா சொல்லுவாள். அவள் அப்போது பிறக்கவே இல்லை, அவளுக்கு என்ன தெரியும்?) யார் தோளிலும் ஏறி வந்தவன் இல்லை. எர்ணாவூரில் வீடு கட்டினேன். ஒரே மகள் சுகந்தியைக் கால்நடை மருத்துவம் படிக்கவைத்து, மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினேன். எல்லாம் இந்தக் கை.

சுகந்தி அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'கங்காருவுக்கு டாக்டர்' என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் தன் வேலையைப் பற்றிச் சொல்லவே இல்லையா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம் ஏதோ ஆரம்பிப்பாள். பட்டறையில் அந்த வாரம் நடந்ததை நான் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அங்கே தூக்கம் வந்துவிடும். அந்த நாட்டுக் கடிகாரம் அப்படி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஒருநாள் காலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. துணியில் சுற்றிய ஒரு குட்டி மிருகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சிரிக்கிறாள். வாலபியாம். கங்காருவுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி, உருவத்தில் சின்னது, வயிற்றில் அதே பை. கூடவே ஒரு செய்தி: 'நைனா, புது இனம் ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கேன். உலகத்துல இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. அதுக்கு உன் பேரு வெச்சிருக்கேன். மீதி நேர்ல பேசும்போது சொல்றேன்.'

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். ஒரு மிருகத்தின் படத்தை அனுப்பி, புது இனம் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் மனிதன் என்ன நினைப்பான்?

நான் உடனே போன் போட்டேன். "அப்படியே கன்னியப்பன்னு வெச்சிட்டியாம்மா?"

"ஆம்பள பேர் வெச்சா கடைசில ஒரு 'இ' சேக்கணும் நைனா. அது சட்டம். கன்னியப்பனி. அதுக்கு முன்னால ஒரு குடும்பப் பேர் வரும், அது உன் வாய்ல நுழையாது. அப்புறம் இன்னா விசயம்னா, இது வந்து..."

"போதும்மா, சோக்கா கீது. டீ ஆறுது" என்று வைத்துவிட்டேன். டீ உண்மையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் எத்திராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் இன்ஜின் பாகங்கள் விற்கிற கடை வைத்திருக்கிறார். எங்கள் படகுப் பட்டறைச் சங்கத்துக்கு ஆதியிலிருந்து அவர்தான் தலைவர். காரணம், பி.ஏ. படித்தவர். கடை போர்டில் பெயரைவிடப் பட்டம் பெரிதாக இருக்கும். கூட்டத்தில் இங்கிலீஷ் கடுதாசி ஏதாவது வந்தால் எழுந்து நின்று படிப்பார். படித்து முடித்ததும் எல்லாரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்து, "இன்னா கன்னியப்பா, புரிஞ்சிதா?" என்பார். அந்தத் தடவை தலைவர் தேர்தலில் நானும் நின்றேன். பதவி ஆசையெல்லாம் கிடையாது. அந்தக் கேள்வியை நான் ஒரு தடவை அவரைப் பார்த்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தேர்தல் நடக்கிற ஞாயிற்றுக்கிழமையே, அதே கல்யாண மண்டபத்தில், என் செலவில் விருந்தும் பாராட்டு விழாவும் என்று அறிவித்தேன். முதலில் மகள் பெரிய திரையில் பேசுவாள். பிறகு சாப்பாடு. பிறகு கை தூக்கி ஓட்டு. மகள் பேச்சைக் கேட்டு, என் பிரியாணியைத் தின்றுவிட்டு எவன் எத்திராஜுக்குக் கை தூக்குவான்?

பேனருக்கு வண்ணாரப்பேட்டையில் பிளெக்ஸ் அடிக்கிற என் தோஸ்து கனி பாயிடம் போனேன். மண்டப வாசல் அகலத்துக்கு ஒரு கங்காரு போட்டார். நன்றாகத்தான் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அதன் வயிற்றுப் பைக்குள்ளிருந்து நான் எட்டிப் பார்க்கிறேன். கூலிங் கிளாஸ், கழுத்தில் செயின், கையெடுத்துக் கும்பிடு.

"பாய், இன்னா இது? குட்டி மாரி குந்தவெச்சிகீறே?"

"பையை காலியா வுட்டா பாக்க நல்லாவா இருக்கும் கன்னியப்பா? உன் மூஞ்சிக்கு எடம் வேற எங்க கீது சொல்லு. தலைல வெச்சா கங்காருவோட காது மறையும்."

யோசித்துப் பார்த்தேன். உண்மையில் முகம் களையாகத்தான் இருந்தது. 'கங்காரு குலத்துக்கே பெயர் தந்த கன்னியப்பரே வருக' என்று கீழே எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.

வாசலில் வரவேற்க ஒரு கங்காரு வேஷமும் ஏற்பாடு செய்தேன். பிறந்தநாள் விழாக்களுக்கு ஆள் அனுப்புகிற கடையில் கரடி வேஷம்தான் இருந்தது. அதன் வயிற்றில் ரெக்சின் பை ஒன்றைத் தைத்து, பின்னால் மெத்தைப் பஞ்சு அடைத்த வாலைக் கட்டினார்கள். உள்ளே இருந்த ஆளின் பெயர் பாபு. நல்ல பையன். வெயிலில் பாவம், தத்தித் தத்தி நடந்தான். (கங்காரு தத்தித்தானே நடக்கும்? ஆக அதுவும் பொருத்தம்.)

விழாவுக்கு முந்தின நாள் சுகந்தி போன் பண்ணினாள். "நைனா, அம்மா சொல்லிச்சி. பேனரு, மேளம் எல்லாம் எதுக்கு? இது நீ நெனைக்கிற மாரி பெரிசா ஒண்ணும்..."

"அடக்கம் உனக்கு இருக்கட்டும்மா, எனக்கு வேணாம். லாரி சைசுல ஸ்க்ரீன் சொல்லிகீறேன். நீ கண்டுபுடிச்சத போட்டோவோட காட்டு."

"போட்டோவா? சாப்புட்ற எடத்துலயா நைனா?"

"காட்டு. பெருசா காட்டு."

மல்லிகா பக்கத்திலிருந்து, "யோவ், அவ இன்னா சொல்ல வரான்னு ஒரு வாட்டி காது குடுத்துக் கேளுயா" என்றாள்.

"மேடைல சொல்லுவா, எல்லாரும் சேந்து கேப்போம்" என்றேன். நன்றாகப் பாருங்கள், இதில் என் தவறு எங்கே இருக்கிறது? சொல்ல வேண்டியது அவள். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாமா?

மண்டபம் நிறைந்துவிட்டது. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் என்று எல்லாப் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பேண்டு முழங்கியது. கரடிக்கங்காருவோடு பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டன. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் பக்கத்து ஆட்கள் உயிரை விடுகிற அயிட்டமாக ஒன்றைத் தனியாகச் சொல்லியிருந்தேன். ஆட்டுக்குடல் போட்டி வறுவல், மிளகு தூக்கலாக. கூட்டம் பசியில் இருந்ததால், சுகந்தி பேசும்போதே பந்தியை ஆரம்பித்துவிடலாம் என்று உத்தரவு போட்டேன். அந்த உத்தரவும் என்னுடையதுதான். அதை இல்லை என்று நான் சொல்லவில்லை.

திரையில் சுகந்தி வந்தாள். வெள்ளைக் கோட்டு. கூடத்தில் விசில் பறந்தது. "எல்லாருக்கும் வணக்கம். நல்லாக்கீறீங்களா?" என்றாள். ஆஸ்திரேலியா போயும் பேச்சு மாறவில்லை பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தேன்.

முதல் படம் அந்த வாலபி. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். ஆரவாரம்.

இரண்டாவது படமும் வாலபிதான். ஆனால் தரையில் கிடந்தது. "இது ரோட்டுல வண்டி அடிச்சி செத்துப்போன வாலபி. இந்த மாரி செத்துக் கெடக்கிறதத்தான் நாங்க எடுத்துகினு வந்து பாப்போம்" என்றாள்.

கூடம் அடங்கியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எத்திராஜ் திரும்பி, "இன்னா கன்னியப்பா, உன் பேர் வெச்ச ஒடனே போய்ட்ச்சா?" என்றார்.

"இப்ப இதோட வயித்தத் தொறக்கறோம்" என்றாள் சுகந்தி.

லாரி அளவுத் திரை என்று நானே கேட்டு வாங்கியது. அந்த அளவுக்கு ஒரு வயிறு திறந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக, சேமியா கொட்டிவைத்தது போல, அடுக்கடுக்காக.

"இந்த நூல் மாரி கீறது எல்லாம் புழு. ஒரு வயித்துல ஆயிரக்கணக்குல இருக்கும். அதுலயே பல வகை. எந்த வகை ஏற்கனவே தெரிஞ்சது, எந்த வகை யாருமே பாக்காததுன்னு மைக்ராஸ்கோப்ல வெச்சி பிரிக்கிறதுதான் என் வேல. அப்படிப் பிரிக்கும்போது கெடச்சதுதான் இது." ஒரே ஒரு புழு, திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும். "இதான் நம்ம கன்னியப்பனி."

சரியாக அந்த நேரத்தில்தான் பந்தியில் போட்டி வறுவல் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எண்ணூரிலிருந்து வந்த ஒரு அம்மா இலையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் இலையைப் பார்த்தார், அப்படியே மடித்துவிட்டு எழுந்தார். பிறகு வரிசையாக இலைகள் மடிந்தன. என் வாழ்நாளில் எங்கள் பக்கத்து மக்கள் போட்டி வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அவளுக்கோ பாடம் நடத்துகிற உற்சாகம் வந்துவிட்டது. "மத்த புழுவுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்னு கேப்பீங்க. தலைப் பக்கம் பாருங்க. வாய். இந்தக் குடும்பத்துலயே இவ்ளோ பெரிய வாய் வேற எதுக்கும் கெடையாது. இத பாத்த ஒடனே எனக்கு நைனா ஞாபகம்தான் வந்திச்சி."

அந்த மண்டபத்தின் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே ஓடிவந்து, என்ன என்று விசாரித்துவிட்டு, அவர்களும் சிரித்தார்கள். மல்லிகா சிரித்தாள். என் சொந்த மனைவி! கனி பாய் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பாபு கரடித் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்து, மரியாதையாகக் கேட்டான்: "அண்ணே, புழு டிரெஸ்ஸு நம்ம கடைல கெடையாது. நான் இப்ப நிக்கட்டுமா, போட்டுமா?"

மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். "சுகந்தி! பேர மாத்து. இப்பவே!"

"முடியாது நைனா. அச்சுல வந்துட்ச்சி. ஒரு வாட்டி வெச்சா வெச்சதுதான். உலகம் இருக்கிற வரைக்கும் இதுக்கு இதான் பேரு."

"அந்த மிருகத்துக்கே வெச்சிருக்கலாம் இல்ல? புழுதான் கெடச்சிதா?"

"பெரிசுக்கெல்லாம் எப்பவோ பேர் வெச்சி முடிச்சிட்டாங்க நைனா. மிச்சம் கீறதெல்லாம் இந்த மாரி சின்னதுதான்." அவள் குரல் இறங்கிவிட்டது. "உனக்குப் புடிக்கலையா? நான் கண்டுபுடிச்ச மொத இனம் இது. இங்க எல்லாரும் 'இது பழைய புழுதான், போய் வேற வேலையப் பாரு'ன்னாங்க. வாய் ஓரத்துல ஒரு மடிப்பு மட்டும் வேற மாரி இருந்திச்சி. மாசக்கணக்கா அதயே பாத்துகினு, சண்ட போட்டு நிரூபிச்சேன். வுடாப்புடியா நிக்கிறதுக்கு யார் பேர் வெப்பாங்க? அதான் உன் பேர் வெச்சேன்."

லாரி அளவுக்கு என் மகளின் முகம். கீழ் உதடு துடிப்பது கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

எத்திராஜ் எழுந்து, திரையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "ஏம்மா, ஏரோப்ளேன் ஏறிப் போய்ப் படிச்சி, கடைசில புழு பொறுக்கவா?"

என்னை எது வேண்டுமானாலும் சொல்லட்டும். ஐந்தாம் வகுப்பிலிருந்து கேட்டுப் பழகிய காது. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. பேசினேன். மைக் இல்லாமலே ராயபுரம் வரை கேட்டிருக்கும், கையில் மைக் வேறு இருந்தது.

"யோவ் எத்திராஜு! நீ பி.ஏ. படிச்சவன். இத்தினி வருசமா இன்ஜின் வித்துகினு கீற. ஒரு வாஷராவது புதுசா கண்டுபுடிச்சிகீறியா? உலகத்துல எவனும் பாக்காத ஒண்ண எம்மவ பாத்துகீறா. அங்க கீற பெரிய பெரிய படிப்பெல்லாம் இல்லன்னு சொல்லியும் பாத்துகீறா. உன் பேரு எங்கய்யா கீது? கட போர்டுல கீது. நாலு மழ பேஞ்சா போய்டும். எம்பேரு கங்காரு வயித்துல கீது! கங்காரு இருக்கிற வரைக்கும் கீது! இன்னா எத்திராஜு, புரிஞ்சிதா?"

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். பதவியில்லாமலே கேட்டுவிட்டேன். ஆனால் வாய் நின்றால்தானே?

"வாய் பெரிசுன்னு சிரிக்கிறீங்களா? பெரிசுதான்! யார் வூட்டு வாய் அது? கன்னியப்பன் வாய்!" என்று மேடையில் ஓங்கிக் குதித்தேன்.

பேண்டுக்காரர்கள் அதை ஏதோ சைகை என்று எடுத்துக்கொண்டு முழு மூச்சில் வாசிக்க ஆரம்பித்தார்கள். பாபு தலையை மாட்டிக்கொண்டு ஆடினான். திரையில் சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தேர்தல் முடிவைக் கேட்கிறீர்களா? பசியோடு இருக்கிற கூட்டம் எப்படி ஓட்டுப் போடும்? எத்திராஜுக்கு மண்டபமே கை தூக்கியது. எனக்குக் கனி பாய் தூக்கினார். அவர் சங்கத்தில் இல்லை, அதனால் செல்லாது என்றுவிட்டார்கள். பாபு தூக்கியதையும் கணக்கில் எடுக்கவில்லை. அண்டா நிறையப் போட்டி வறுவல் அப்படியே வீட்டுக்கு வந்தது. எங்கள் தெருவில் யாரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்பதால் நல்லபடியாகச் செலவானது. பேனரைக் காசிமேட்டில் கருவாடு விற்கிற ஒரு அம்மா வெயிலுக்குக் கூரையாகக் கட்டிக்கொண்டார். நேர் நடுவில் கங்காரு, பைக்குள் நான், கீழே நெத்திலி. கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி கிடையாது. விருந்தாளி முன்னால் பட்டறைப் பெருமையை நான் கொஞ்சம் ஆரம்பித்தால் போதும், மல்லிகா போனை எடுத்து, "சுகந்தி, அந்த வாய இன்னொரு வாட்டி அளந்து பாரும்மா, வளந்துட்ச்சின்னு நெனைக்கிறேன்" என்பாள். வந்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். ஆட்டோக்காரர் வரைக்கும் தெரிந்திருக்கிறது. இது என்ன நியாயம்?

போன மழையில் எத்திராஜின் கடை போர்டு காற்றோடு போய்விட்டது. (நான் ஒன்றும் செய்யவில்லை. புயல்.) இரண்டொரு நாள் கழித்து என் பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் டீ. சங்கத் தலைவர், எனக்கு, டீ!

"மாமு" என்றார். அதுவரைக்கும் என்னை அவர் மாமு என்று கூப்பிட்டதே இல்லை. "பாப்பா கைல சொல்லி, நம்ம பேருக்கும் எதுனா ஒண்ணு... சின்னதா இருந்தாகூடப் பரவால்ல."

"புழு பொறுக்கிறவகிட்டயா?"

"பழசெல்லாம் எதுக்கு மாமு? உலகம் இருக்கிற வரைக்கும்னு பாப்பா சொல்லிச்சே..."

அந்த ஞாயிற்றுக்கிழமை சுகந்தியிடம் கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டு மல்லிகாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதே வயித்துல இன்னொண்ணு கீது நைனா, வாய் சின்னது. இன்னும் பேர் வெக்கல. அத அம்மாவுக்குன்னு எடுத்துவெச்சிகீறேன்" என்றாள்.

மல்லிகா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை. "எனக்கு வேணாம்டியம்மா. இந்த ஆளோட ஒரே வூட்ல கீறதே பேஜாரு. உலகம் இருக்கிற வரைக்கும் ஒரே வயித்துல வேற குடித்தனம் பண்ணணுமா?"

ஆக அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. எத்திராஜ் தினமும் டீயோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னா மாமு, எதுனா முடிவாச்சா?" என்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டீ நன்றாக இருக்கிறது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.